ஊசித்துளை

நாலு நம்பர் கடைக்கும் மோட்டார் பட்டறைக்கும் நடுவே
விசிடி கடை செத்து ஆறு வருஷம்
பூட்டிக் கிடந்த இடத்தில்
திடீரென்று மஞ்சள் சாயம்.
பலகையில் மலாய், அதன் கீழே தமிழ்,
அதற்கும் கீழே யார் வாயிலும் நுழையாத ஒரு பேர்.
பாடாங் செராயில் அதுவரை
வெளிநாட்டுச் சாப்பாடு என்றால் தொம்யாம்தான்.

ஓவர்டைம் காசு ஏறிய அன்று போனோம்.
கையுறைத் தொழிற்சாலை, ஏழாவது லைன்:
வேணி, ரொஹாயா, நான்.
இரவு ஷிப்டுக்கு பஸ் வர
இன்னும் ஒன்றே கால் மணி நேரம்.

ரொஹாயா வாசலிலேயே நின்று
ஹலால் தாளைத் தேதி வரைக்கும் வாசித்தாள்.
வேணி மெனுவில் மாடு வரும் இடங்களை
விரலால் மூடிக்கொண்டே போனாள்.
மிச்சம்: கோழி, மீன், கறுப்பு அவரை,
பிறகு
வறுத்த மரவள்ளி, பதினான்கு வெள்ளி.

எங்கள் வீட்டில் மரவள்ளிமேல் ஒரு பழைய கோபம் உண்டு.
ஜப்பான்காரன் காலத்தில் மூன்றரை வருஷம்
அதையே தின்று தீர்த்தவர்கள்
அப்புறம் வேலியோரம்கூட ஒரு குச்சி ஊன்றவில்லை.
அவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள்.
கோபம் மட்டும் என் அடுப்படியில்
வாடகை கொடுக்காமல் இருக்கிறது.
ஒரு தட்டு சொன்னேன்.

கல்லாவில் ஜெயகௌரி. எங்களோடு படித்தவள்,
கப்பலில் அறை துடைக்கப் போய்
ஒன்பது வருஷம் கழித்து ஒரு சமையல்காரனோடு இறங்கியவள்.
பிரேசில்காரன். பேர் அடெமார்.
ஊர் அதற்குள் அவனை ஆதிமாறன் ஆக்கிவிட்டது.
கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான், பாவம்.

மரவள்ளி வந்தது.
வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய்.
நான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
மூன்றாவது துண்டில்
இதற்கு ஏன் மூன்றரை வருஷம் அழுதார்கள் என்று தோன்றி
உடனே வெட்கமாகவும் இருந்தது.
அவர்களுக்கு ஏது எண்ணெய், ஏது உப்பு.

ரொஹாயா சம்பல் கேட்டாள்.
அவன் தன் மிளகாய் எண்ணெயைக் கொண்டுவந்தான்.
நக்கிப் பார்த்து, பிள்ளைகளுக்கா இது என்றாள்.

சிரித்தபடியே பின்கதவைக் காட்டினான்.
செம்பனை தின்றது போக
சாக்கடை ஓரம் தப்பி நிற்கும் நாலு பால்மரம்.
அது எங்க ஊரு மரமாம், என்றாள் ஜெயகௌரி.
அங்கே காட்டுக்குள் இங்கொன்று அங்கொன்றாய் நிற்குமாம்,
நெற்றியில் விளக்கைக் கட்டி
விடியுமுன் தேடித் தேடிச் சீவுவார்களாம்,
இங்கே ஏன் பெரட்டுக்கு நிற்பதுபோல்
எல்லாம் வரிசையில் நிற்கிறது என்று கேட்கிறானாம்.

வேணி சொன்னாள்:
மரத்துக்கு வாடகை வாங்க வந்தாரா?
ஜெயகௌரி அதை மொழிபெயர்க்கவில்லை.

அப்போதுதான் பார்த்தேன்.
அவன் கையில் பால்நிறக் கையுறை.
அடுப்பு மேல்தட்டில் பெட்டி, பெட்டியில் எங்கள் முத்திரை.
வேணிக்குக் கை சும்மா இருக்காது.
ஒன்றை உருவினாள், ஊதினாள், மணிக்கட்டில் முடிச்சுப் போட்டாள்,
குழல்விளக்கில் பிடித்துத் திருப்பினாள்,
கன்னத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினாள்.
இரவுக்கு எண்ணூறு தரம் செய்கிற வேலை.
சம்பளம் இல்லாமல் அதை அவள் செய்து
நான் பார்த்ததே இல்லை.

சுண்டுவிரல், என்றாள்.
நுனியில் ஓட்டை.

பெட்டியின் பக்கவாட்டைப் படித்தாள்:
ஏழாவது லைன்.
தேதி, தீபாவளிக்கு முந்தின இரவு.
அன்று வேணி லீவு, ரொஹாயா தோழியின் நிக்காஹ்.
மூன்று மணிக்கு முறுக்கைப் பற்றி யோசித்துக்கொண்டு
அந்த லைனில் நின்றது யார் என்று
யாரும் கேட்கவில்லை.

கடைசி மரவள்ளித் துண்டை
நானே எடுத்துக்கொண்டேன்.

பஸ் ஹார்ன் அடித்தது.
பில் எழுபத்தொன்று. மூன்றாய்ப் பிரித்தோம்,
சில்லறை போதாமல் ரொஹாயா எனக்கு இரண்டு வெள்ளி கடன்.
ஆதிமாறன் தன் மொழியில் நன்றி சொன்னான்.
சாமா சாமா என்றோம்.

மேசையில் எச்சில் தட்டுகளுக்கு நடுவே
அந்த ஐந்துவிரல் பலூன்
இன்னும் நின்றுகொண்டிருந்தது.
சுண்டுவிரல்தான்
முதலில் தலை குனிந்தது.